அட்டன்பரோ: ஒரு ஊர், ஒரு பெயர், ஒரு குடும்பம்

தேர்வு முடிந்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை வரலாறு. நடுவில் கொஞ்சம் கணக்கும் உயிரியலும் எட்டிப் பார்க்கும், பயப்பட வேண்டாம்.

'காந்தி' படம் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. 1982ல் வந்து எட்டு ஆஸ்கர் வாங்கிய படம். இயக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. சத்யஜித் ரேயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் ஜெனரல் ஊட்ரமாக வருவாரே, அவரேதான். 'ஜுராசிக் பார்க்'கில் டைனோசர் தீவுக்குச் சொந்தக்காரரான வெள்ளைத் தாடித் தாத்தாவும் அவரே. இன்னொரு அட்டன்பரோ, டேவிட். பிபிசியின் வனவிலங்குத் தொடர்களில் கொரில்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசுவாரே, அவர்.

விடுதியில் ஒருநாள் அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன் கேட்டான். "காந்தி படம் எடுத்தவருக்கு இவர் சொந்தமாடா?" ஆமாம், கூடப் பிறந்த தம்பி என்றேன். அவன் விடவில்லை. "அப்போ இங்கிலாந்துல அட்டன்பரோன்னு பேர் இருக்கற எல்லாரும் சொந்தக்காரங்களா?"

சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் தேடிப் பார்த்தால், இதே கேள்விக்கு நிஜமாகவே ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அது நடந்த இடம் லெஸ்டர் பல்கலைக்கழகம். இந்த இரண்டு சகோதரர்களின் அப்பா ஒரு காலத்தில் முதல்வராக இருந்த அதே இடம்!

முதலில் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதுவரை அங்கே சாதாரண ஜனங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான். பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் முதலில் நிலம் வைத்திருந்த பெரிய வீடுகளில் ஆரம்பித்து மெல்லக் கீழே இறங்கியது. சுமார் 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கு இனிஷியல் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறிவிடும். அவர்களுக்கு அப்பாவிடமிருந்து மகனுக்கு அதே பெயர் மாறாமல் போய்க்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பெயர்கள் நாலு வகையில் வந்தன. தொழிலால் வந்தது ஸ்மித் (கொல்லர்). அப்பா பெயரால் வந்தது ஜான்சன் (ஜானின் மகன்). ஆளைப் பார்த்து வைத்த பட்டப்பெயரால் வந்தது ஷார்ட் (குள்ளன்). நாலாவது, ஊராலும் இடத்தாலும் வந்தது. அட்டன்பரோ இந்த நாலாவது வகை.

நாட்டிங்காம் நகரத்துக்குத் தென்மேற்கே, ட்ரெண்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்றே ஒரு கிராமம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'பர்' என்றால் அரண் அல்லது காவல் உள்ள குடியிருப்பு. முன் பாதி ஒரு ஆளின் பெயர். ஆக, 'அட்டா' போன்ற பெயருள்ள யாரோ ஒருவரின் அரண் என்பது ஊர்ப்பெயரின் பொருள். சார்லஸ் மன்னரின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட, கிராம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்ட்டன் 1611ல் பிறந்த ஊரும் இதுதான்.

இன்னொரு விளக்கமும் உண்டு. நடுக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இடத்தில்' என்று அர்த்தம். மரத்தடி வீட்டுக்காரர், கிணற்றடி வீட்டுக்காரர் என்று சொல்வது போல. அட்வுட், அட்வெல் எல்லாம் இப்படி வந்தவையே. 'நாஷ்' என்ற பெயர்கூட 'அட்டன் ஆஷ்' (ஆஷ் மரத்தடியில்) என்பதிலிருந்து ஒரு எழுத்து நழுவி ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்கில் 'அட்டன் பர்' என்றால் 'கோட்டையடி ஆள்'. எந்தக் கோட்டையடியிலும் ஒருவர் இருந்திருக்கலாமே?

எது சரி? இங்கேதான் எண்ணிக்கை உதவுகிறது. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர் பெயராகக் கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், எந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் அதிகம் என்று வரைபடமாகவே பார்க்கலாம். 'கோட்டையடி ஆள்' என்று பல ஊர்களில் தனித்தனியாகப் பெயர் பிறந்திருந்தால் அது நாடு முழுக்கச் சிதறிக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் அட்டன்பரோக்கள் நாட்டிங்காம்ஷயர், டர்பிஷயர் பக்கமே குவிந்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு சுவாரசியமான விஷயம். ஊர்ப்பெயர் குடும்பப் பெயராக ஆவது பெரும்பாலும் ஊரை விட்டுப் போன பிறகுதான். அட்டன்பரோவிலேயே இருந்தால் எல்லோரும் அட்டன்பரோக்காரர்களே, அந்தப் பெயரால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. பக்கத்து ஊருக்குக் குடிபோனால்தான் 'அந்த அட்டன்பரோக்காரன்' ஆகிறான். ஆக, இந்தப் பெயர் ஊரை விட்டு வந்தவனுக்கு மற்றவர்கள் கொடுத்த பெயர்.

பெரும்பாலும் ரொம்ப தூரமும் போகவில்லை போலிருக்கிறது. நம் சகோதரர்களின் அப்பா ஃப்ரெடரிக் அட்டன்பரோ 1887ல் பிறந்த ஊர் ஸ்டேப்பிள்ஃபோர்ட். அட்டன்பரோ கிராமத்திலிருந்து சில மைல் தூரம்தான்! சுமார் அறுநூறு வருஷத்தில் நகர்ந்தது அவ்வளவுதான்.

இப்போது எத்தனை பேர்? ஸ்மித் என்ற பெயர் பிரிட்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. அட்டன்பரோ அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு சகோதரர்களால் உலகமே அறிந்த பெயர், ஆனால் தெருவில் பார்ப்பது அரிது.

சரி, ஒரு பெயர் ஏன் அரிதாகிறது? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

1873ல் ஃப்ரான்சிஸ் கால்ட்டன் ஒரு பத்திரிகையில் புதிர் ஒன்றைப் போட்டார். பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் இப்படி அழிந்துபோகின்றன? வம்சம் பலவீனமாகிவிட்டதா, இல்லை வெறும் தற்செயலா? ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டு விடை அனுப்பினார். இருவரும் சேர்ந்து 1875ல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று 'கால்ட்டன்-வாட்சன் முறை' என்று பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். அணுக்கருத் தொடர்வினையைக் கணக்கிடவும் இதே முறை பயன்பட்டது.

நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். தனித்தனிப் பெயருள்ள 100 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் வளர்ந்து ஆளாகும் மகன்கள் சராசரியாக ஒருவர். ஆனால் சராசரி மட்டுமே ஒன்று. சிலருக்கு மூன்று, சிலருக்கு ஒருவரும் இல்லை, சிலருக்குப் பெண்கள் மட்டும். மகன்களின் எண்ணிக்கை தற்செயலாக அமைகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் தலைமுறையிலேயே சுமார் 37 பெயர்கள் போய்விடும். இரண்டாவதில் 53. இருபத்தைந்து தலைமுறை கழித்து 100ல் ஏறத்தாழ 7 பெயர்களே மிஞ்சும். யாரும் பலவீனமாக இல்லை, சாபமும் இல்லை. வெறும் தற்செயல். இதில் 1348-49ல் வந்த கொள்ளைநோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாமல் மக்களை அள்ளிக்கொண்டு போனது அது. எத்தனை பெயர்கள் அதோடு முடிந்திருக்கும்!

(பாவம் வாட்சன், கடைசிப் படியில் ஒரு தப்புச் செய்தார். மக்கள்தொகை பெருகினாலும் எல்லாப் பெயரும் ஒருநாள் அழியும் என்று முடித்துவிட்டார். அவருடைய சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் இருக்கிறது, அதைப் பார்க்காமல் விட்டுவிட்டார். மகன்களின் சராசரி ஒன்றைத் தாண்டினால் ஒரு பெயர் என்றென்றும் தப்பிக்க வாய்ப்புண்டு. கணக்குத் தேர்வில் கடைசி வரியில் கோட்டை விடுபவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.)

இனி நண்பனின் கேள்வி. எல்லோரும் சொந்தமா?

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆங்கிலக் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரண்டு சக்கரங்கள் மாதிரி. அப்படியானால் ஒரே பெயருள்ளவர்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

டி.என்.ஏ. கைரேகையை 1984ல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்தது லெஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான். அங்கேயே டுரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைப் பரிசோதித்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித்களை எடுத்தால், தெருவில் போகிற எவரையும் எடுத்த மாதிரிதான், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தாரே! ஆனால் பெயர் அரிதாக அரிதாக, ஒற்றுமை கூடிக்கொண்டே போனது.

அட்டன்பரோ? பரிசோதித்தவர்களில் 87 சதவீதம் பேர் ஒரே வகை. அதுவும் மத்தியதரைக் கடலைச் சுற்றி அதிகம் காணப்படும், இங்கிலாந்தில் அபூர்வமான வகை. ஊரில் சகஜமான வகையாக இருந்திருந்தால் தற்செயலாகப் பொருந்தியது என்று சொல்லலாம். இவ்வளவு அபூர்வமான வகை இத்தனை பேரிடம் இருக்கிறது என்றால் ஒரே மூதாதை என்றுதான் அர்த்தம். நண்பா, உன் கேள்விக்கு விடை: கிட்டத்தட்ட ஆமாம்!

மீதி 13 சதவீதம்? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். படித்தவுடன் சிலருக்குச் சிரிப்பு வரும். தப்பான உறவு மட்டுமே காரணம் இல்லை. தத்தெடுத்த பிள்ளை, மறுமணத்தில் புது அப்பாவின் பெயரை எடுத்துக்கொண்ட குழந்தை, அம்மா வழிப் பெயரை வைத்துக்கொண்டவன், சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொண்ட மருமகன் எல்லாம் இதில் அடக்கம். ஒரு தலைமுறைக்கு 100ல் 2 பேரிடம் மட்டும் பெயரும் குரோமோசோமும் பிரிகின்றன என்று வைத்தாலே, 25 தலைமுறை கழித்து 60 பேரிடம்தான் அவை சேர்ந்திருக்கும். அரச வம்சமும் விலக்கில்லை. 2012ல் லெஸ்டரில் தோண்டி எடுத்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்பில், தாய்வழி டி.என்.ஏ. இன்றைய உறவினர்களோடு பொருந்தியது. ஆவணப்படி தந்தைவழி உறவினர்களான ஐந்து பேரின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. அதைப் பார்த்தால் அட்டன்பரோக்களின் 87 பெரிய எண்தான்.

ஆனால் இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது.

பத்து தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர்கள். அதில் பெயரைக் கொடுத்தவர் ஒரே ஒருவர். மற்ற 1,023 பேரும், அத்தனை அம்மாக்களும், இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. ஒரு மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டு அதையே முழுத் துணி என்று நினைத்துவிடக் கூடாது.

அதோடு ஃப்ரெடரிக் அட்டன்பரோவின் வீட்டில் நடந்த ஒரு விஷயம். அவர் ரொட்டி சுடுபவரின் மகன். படித்து, பழைய ஆங்கில மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞரானார். 1932 முதல் 1951 வரை லெஸ்டர் கல்லூரியின் முதல்வர். அங்கே இருக்கும் 18 மாடி அட்டன்பரோ கோபுரம் அவர் பெயரில்தான். 1939ல், ஹிட்லரிடமிருந்து தப்பி பெர்லினிலிருந்து வந்த இரண்டு யூதச் சிறுமிகளை அவரும் மனைவி மேரியும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடியும்வரை அந்தப் பெண்கள் மூன்று மகன்களோடு சகோதரிகளாக அங்கேயே வளர்ந்தார்கள்.

அவர்கள் பெயர் அட்டன்பரோ இல்லை. எந்தக் குரோமோசோமும் பொருந்தாது. எந்தப் பெயர்க் கணக்கிலும் அவர்கள் வரமாட்டார்கள்.

"எல்லாரும் சொந்தமா?" என்ற கேள்விக்கு ஆய்வகம் சொன்ன விடை 87 சதவீதம். அந்த வீடு சொன்ன விடை வேறு. எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது.

அடுத்த முறை சந்திப்போம்.