அம்பாஸிடருக்கு விடை

28 வருஷம் எங்கள் வீட்டில் ஒருவராக இருந்த அம்பாஸிடரை விற்றுவிட்டேன்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டுதான் அதன் மூதாதை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே வரை அதைச் செய்துவந்தார்கள். மந்திரிக்கும் அதே கார்; டாக்ஸிக்காரருக்கும் அதே கார். அந்த நாளில் கியர், ஸ்டியரிங்கை ஒட்டி இருந்ததால் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸ் தேசத்துப் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. என் காரை வாங்க வந்தவரோ இரும்பு எடைக்கு விலை சொன்னார். பேரம் பேச மனம் வரவில்லை. சாவியை நீட்டினேன்.

"கடைசியா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறீங்களா, சார்?" என்றார்.

வேண்டாம் என்றேன். ஓட்டியிருந்தால் திரும்பக் கொண்டுவந்து கொடுத்திருக்க மாட்டேன்.