பேரப்பிள்ளைகள் தொலையாத பூங்கா

குழந்தைகளுக்கென்று ஓர் இடம் அமைக்கிறோம் என்றால், ஊஞ்சல் எத்தனை, சறுக்குமரம் எத்தனை என்றுதான் நாம் முதலில் கணக்குப் போடுவோம். வாசல் எங்கே, பாதை எப்படிப் போகும், கூட வரும் பெரியவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் டிஸ்னிலாந்தைப் பற்றிப் படித்தபோது ராட்டினங்களைவிட அதன் வரைபடம்தான் என்னை இழுத்தது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிரிஃபித் பார்க் என்ற பெரிய பூங்கா உண்டு. வால்ட் டிஸ்னி தம் இரண்டு பெண் குழந்தைகளையும் விடுமுறை நாளில் அங்கே அழைத்துப் போவார். பிள்ளைகள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக் கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது எனப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அனஹெய்ம் என்ற ஊரில் சுமார் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கினார். 1954இல் வேலை தொடங்கி, 1955 ஜூலை 17 அன்று திறப்பு விழா. அன்று பட்ட பாடு பெரிய கதை. கள்ள டிக்கெட்டில் ஏகப்பட்ட பேர் உள்ளே வந்துவிட்டார்கள். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்கள் போதவில்லை. வெயிலில் இளகிய தாரில் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. ஆனால் அமைப்பு சரியாக இருந்ததால் இடம் பிழைத்துக்கொண்டது.

அந்த அமைப்பு என்ன? முதலில், ஒரே வாசல். பொழுதுபோக்குப் பூங்காத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், நெரிசல் ஆகும், நாலு பக்கமும் வாசல் வையுங்கள் என்றார்கள். டிஸ்னி கேட்கவில்லை. எல்லாரும் ஒரே வழியாக வந்தால்தான் எல்லாருக்கும் கதை ஒரே இடத்தில் தொடங்கும் என்பது அவர் எண்ணம்.

வாசலைக் கடந்தால் பழைய காலத்து ஊர்க் கடைத்தெரு. அதன் கட்டடங்களில் மேல்மாடியைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டினார்கள். பார்வைக்கு உயரமாகத் தெரியும், ஆனால் குழந்தையை மிரட்டாது. தெருக்கோடியில் 77 அடி உயரக் கோட்டை. தூரத்திலிருந்து கண்ணை இழுத்து நடக்க வைக்கும் இப்படிப்பட்ட பொருளுக்கு டிஸ்னி வைத்த செல்லப்பெயர் 'வீனி', அதாவது சாசேஜ். நாய்க்குட்டிக்கு அதைக் காட்டி நடத்திப் போவதுபோல! கோபுரத்தைப் பார்த்தே திசை அறிந்து நடந்த நமக்கு இது புதிதல்ல.

கோட்டைக்கு முன்னால் ஒரு வட்டமான திடல். அங்கிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல வழிகள் பிரிந்து, சாகசம், எல்லைப்புற வாழ்க்கை, கற்பனை, எதிர்காலம் என்ற நான்கு உலகங்களுக்குப் போகும். எங்கே சுற்றினாலும் திரும்ப இந்தத் திடலுக்கு வந்துவிடலாம். களைத்த காலுக்கும் பயந்த பிள்ளைக்கும் இது பெரிய ஆறுதல். பூங்காவைச் சுற்றி மண்மேடு போட்டு அதன்மேல் ரயில் விட்டார்கள். வெளியுலகம் கண்ணில் படாது.

இதற்கு நேர் எதிரான இடமும் ஒன்று இருந்தது. 1943இல், டென்மார்க் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் சோரன்சன் என்ற தோட்டக்கலை வல்லுநரின் யோசனைப்படி ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். கோட்டையும் இல்லை, ராட்டினமும் இல்லை. பலகை, செங்கல், ஆணி, சுத்தியல்தான். கட்டட வேலை நடக்கும் இடங்களில் பிள்ளைகள் விரும்பி விளையாடுவதை அவர் கவனித்திருந்தார். இடத்துக்கு உருவம் கொடுத்தது பிள்ளைகளே. போருக்குப் பின் லேடி ஆலன் என்ற அம்மையார் இதைப் பார்த்துவிட்டுப் போய், லண்டனில் குண்டு விழுந்த மனைகளில் இப்படிப்பட்ட திடல்கள் அமையப் பாடுபட்டார்.

டிஸ்னியின் இடத்தில் பிள்ளை தொலையாது, ஆனால் பெரியவர் போட்ட கதைக்குள்தான் நடக்கும். எம்ட்ரப்பில் கதையைப் பிள்ளையே எழுதும், முழங்காலில் சிராய்ப்பும் வரும். எனக்கு இரண்டும் வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் சிறு பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். வரைபடத்தில் இரண்டு வாசல்கள், ஒன்று நேராகச் சாலையில் திறக்கிறது. பெஞ்சுகள் மதிலோரம், சறுக்குமரத்துக்கு முதுகு காட்டியபடி. நான் மூன்றே மூன்று திருத்தங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாலைப் பக்க வாசல் வேண்டாம். பெஞ்சுகள் நடுவில், எல்லாப் பக்கமும் தெரியும்படி இருக்கட்டும். ஒரு மூலையில் எதுவும் கட்டாமல் மணலைக் கொட்டி விட்டுவிடுங்கள்.

மாலையில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போவது நாம்தானே? உங்கள் ஊர்ப் பூங்காவில் பெஞ்ச் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். வேலை தொடங்குமுன் சொன்னால் மாற்றுவார்கள், சிமென்ட் காய்ந்தபின் யாரும் கேட்கமாட்டார்கள்.