ஸ்டாண்டர்டு ஹெரால்டு: இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் மாற்றுதல்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்த கார். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டே இதன் மூலம். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே எஞ்சின் குடும்பத்தைப் பொருத்தி 1962-இல் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே மேனிஃபோல்டு விஷயத்தில் இரண்டுக்கும் தொல்லை ஒன்று, வைத்தியமும் ஒன்று. இந்த எஞ்சினில் கேஸ்கட் தானாகக் கெடுவது குறைவு. அது உட்காரும் உலோக முகங்கள் சமம் இழப்பதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. முகத்தைச் சரிபார்க்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் அதே வேலை திரும்பவும் வரும்.

காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. கார்புரேட்டரில் கலந்த காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது இன்டேக் மேனிஃபோல்டு. எரிந்த புகையைச் சைலென்சருக்கு அனுப்புவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் இவை எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். ஹெரால்டில் இரண்டும் சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கட்டின் மேல் அமர்கின்றன. ஒரு நட்டும் அதன் அடியிலுள்ள கிளாம்பும் இரண்டின் ஃபிளேஞ்சுகளையும் சேர்த்தே அழுத்துகின்றன. ஒரு ஃபிளேஞ்சு சற்றே தடித்திருந்தாலும் கிளாம்ப் அதன் மேலேயே ஏறி நின்றுவிடும். மெலிந்த பக்கத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. போதாக்குறைக்கு, எக்ஸாஸ்ட் பக்கம் பல நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. இன்டேக் பக்கமோ பெட்ரோல் ஆவியாவதால் குளிர்ந்தே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி விரிந்தும் சுருங்கியும் வந்த வார்ப்பு மெல்ல வளைகிறது.

அந்த இடைவெளியில் நுழையும் காற்று கார்புரேட்டர் வழியாக வராத காற்று. மெக்கானிக்குகள் இதை ‘ஏர் எடுக்குது’ என்பார்கள். ஐடிலிங் ஏறி இறங்கும், ஸ்ஸ் என்ற ஓசை கேட்கும், பிளக்கின் பீங்கான் வெளுத்திருக்கும். பெட்ரோல் குறைந்த கலவை நெடுநாள் எரிந்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இன்றைய எரிபொருளில் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கே போதும். பழைய ஜெட் அளவோடு ஓடும் கார்புரேட்டர் இதை அறியாது. கலவை முன்னமே மெலிந்திருக்க, கசிவு அதை இன்னும் மெலிய வைக்கிறது.

கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினால் தீராதா என்று கேட்பார்கள். தீராது. ஐடிலிங்கில் திராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் பாதரசக் கணக்கில் 450 மி.மீ. அளவுக்கு இருக்கும்; ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் அது ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆகவே கசிவு ஐடிலிங்கில் கடுமையாகவும் மேடேறும்போது அற்பமாகவும் இருக்கிறது. ஒரே திருப்பத்தால் இரண்டு நிலைக்கும் ஈடுகட்ட முடியாது. இன்னும் சிலர் சிலிகான் பேஸ்ட்டைத் தடவி மூடுகிறார்கள். சாதாரண சிலிகான் பெட்ரோலில் ஊறி இளகும், எக்ஸாஸ்ட் சூட்டில் கருகும், பிய்ந்த துணுக்கு சிலிண்டருக்குள் போகும். இரண்டு கேஸ்கட்டை அடுக்குவதும் உதவாது. கனம் கூடக்கூட அது சூட்டில் அமுங்கி நட்டைத் தளர்த்துகிறது. எல்லா வண்டிக்கும் முகத்தைச் சீவ வேண்டுமா என்ற எதிர்வாதம் மட்டும் நியாயமானது. நெடுநாள் ஓடாமல் நின்ற காரில் கேஸ்கட் வெறும் வயதால் காய்ந்து நொறுங்கியிருக்கலாம். நேர்கோட்டுப் பட்டையை முகத்தின் மேல் வைத்து அடியில் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கேஜின் 0.1 மி.மீ. இலை தாராளமாக நுழைந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. அங்கே இரண்டு மேனிஃபோல்டுகளையும் போல்ட் போட்டுச் சேர்த்தபடியே ஒரே தளத்தில் சீவ வேண்டும். கிளாம்ப் படும் இடத்தில் ஃபிளேஞ்சுகளின் கனத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

கழற்றும் வேலையில் ஊரின் வானிலையும் கணக்கில் வரும். கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால், மார்த்தாண்டம் வட்டாரம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையையும் வாங்குகிறது. அங்கே நிற்கும் பழைய காரில் ஸ்டட்டும் நட்டும் துருவால் ஒட்டியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நட்டை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும், பிறகு டிரில் போட்டு எடுக்கும் செலவு கேஸ்கட்டின் விலையைப் பலமடங்கு தாண்டும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பெட்ரோல் குழாயை அடைப்பது கட்டாயம். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; கம்பி பிரஷ்ஷால் உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துச் சுரண்ட வேண்டும். மாட்டும்போது இரண்டு மேனிஃபோல்டுகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் போல்ட்டுகளை முதலில் தளர்வாக விட்டு, ஹெட்டோடு சேரும் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக இறுக்கிய பின்னரே அவற்றை முடுக்க வேண்டும். எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறி முழுக்க ஆறியதும் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். ஐடிலிங் ஸ்குரூவைத் தொடுவது அதற்கும் பிறகு.