மோதாத விபத்தில் காயமடைபவர்: ஒரு வகைப்பாட்டின் வரலாறு

வேகக் கட்டுப்பாட்டை இழந்து வீதியை விட்டு விலகிய வாகனம் குடைசாய்ந்தது. கிழக்கிலங்கை விபத்துச் செய்திகளில் வாசகருக்குப் பழகிப்போன வரி இது. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்பை அடையும் ஏ4 வீதியில், வினாயகபுரம் முதலான திருக்கோவில் பிரதேச ஊர்களின் போக்குவரத்து தங்கியிருக்கிறது. எதிரே வாகனம் இல்லாமலும் இந்த வீதியில் ஆட்கள் காயப்படுகிறார்கள். அத்தகைய காயத்தை மருத்துவப் பதிவுகள் எப்படி அடையாளங்காணத் தொடங்கின என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மோட்டார் வாகன வரலாற்றில் பதிவான மிகப் பழைய மரணங்களில் ஒன்றே மோதலின்றி நேர்ந்ததுதான். 1869 ஆகஸ்ட் 31 அன்று, அயர்லாந்தின் பார்சன்ஸ்டவுனில், நுண்நோக்கி ஆய்வாளரான மேரி வார்ட் உறவினரின் நீராவி வண்டியில் போய்க்கொண்டிருந்தார். வளைவில் வண்டி திரும்பியபோது தூக்கி வீசப்பட்டு, அதன் சக்கரத்திலேயே அகப்பட்டு இறந்தார். வண்டி திரும்பினாலும் உடல் பழைய திசையிலேயே போகும். அதைப் பிடித்து நிறுத்தும் மும்முனை ஆசனப்பட்டியை வொல்வோ நிறுவனத்தின் நீல்ஸ் போலின் உருவாக்க 1959 வரை ஆனது.

பதிவேடுகள் இன்னும் பிந்தின. 1979இல் நடைமுறைக்கு வந்த நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் ஒன்பதாம் பதிப்பு, நிகழ்வையே முதலில் பார்த்தது. கட்டுப்பாடு இழந்து மோதாமல் நேர்ந்த விபத்துக்கு ஈ816, ஏறி இறங்கும்போது நேர்ந்ததற்கு ஈ817, மோதலற்ற ஏனையவற்றுக்கு ஈ818. காயப்பட்டவர் யார் என்பது கடைசி இலக்கத்துக்குள் ஒதுங்கியது. அந்த இலக்கத்தில் ட்ராம் பயணிக்கு இடமிருந்தது, விலங்கின் மேல் சவாரி செய்தவருக்கும் இடமிருந்தது. ஓட்டோவில் போனவருக்குத் தனியிடம் இல்லை. 1977இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின் இலங்கை வீதிகளில் ஓட்டோக்கள் பெருகிவந்த காலத்தில் இப்படியொரு குறை இருந்திருக்கிறது.

1990இல் உலக சுகாதார சபை ஏற்ற பத்தாம் பதிப்பு இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. முதலில் ஆள், பிறகு நிகழ்வு. மோதலற்ற விபத்தில் காயப்பட்ட முச்சக்கரவண்டிப் பயணிக்கு வி38, கார்ப் பயணிக்கு வி48. வி48.6 என்றால் வீதிப் போக்குவரத்தில் காருக்குள் இருந்த பயணி, வி48.7 வாகனத்தின் வெளிப்புறத்தில் தொற்றிச் சென்றவர். இந்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். காயப்பட்டவர் எங்கே இருந்தார் என்று கேட்க அதுவே வழிசெய்தது.

ஆனாலும் இடைவெளி இருக்கிறது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில், மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது, பிள்ளைகள் உயிரிழந்தனர். இயற்கைப் பேரிடரால் நேரும் போக்குவரத்து விபத்தைப் பத்தாம் பதிப்பு போக்குவரத்துப் பிரிவிலிருந்தே விலக்கி, வெள்ளத்துக்குரிய எக்ஸ்38இல் சேர்க்கிறது. நீர் பாயும் வீதியில் பிள்ளைகளை எந்த வாகனத்தில், எப்படி ஏற்றினார்கள் என்ற கேள்வி அந்தக் குறியீட்டில் காணாமற்போகிறது. இதை ஏற்க முடியவில்லை.

சட்டமும் பாதியில் நின்றது. 2011 ஒக்டோபரில் இலங்கையில் கட்டாயமான ஆசனப்பட்டி, சாரதிக்கும் முன்னிருக்கைப் பயணிக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது பின்னிருக்கையில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு முன்சீற்றைத் தவிர வேறு தடுப்பை அந்தச் சட்டம் கோரவில்லை.

வகைப்பாட்டின் பயனும் பதிவில்தான் தங்கியிருக்கிறது. மருத்துவமனை விடுதியில் நோயாளியின் ரிக்கெட்டில் ‘ஆர்.ரி.ஏ.’ (வீதி விபத்து) என்று மட்டும் எழுதினால், குறியீடு இடுபவர் வி89.2 என்ற பொதுக் குறியீட்டைத்தான் போடமுடியும். மோதலா, குடைசாய்ந்ததா, எந்த இருக்கை, பட்டி அணிந்திருந்தாரா என்பதைக் கூடவே ஒரு வரி எழுதவேண்டும். ஓட்டோவிலிருந்து வெளியே விழுந்தவருக்குப் பக்கத் தடுப்பு தேவை. வேனில் ஏறிமுடியுமுன் சாரதி எடுத்ததால் விழுந்தவர் விடயத்தில் திருத்தவேண்டியது சாரதியை. வி89.2 இந்த இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது.