பழைய முகம் பூணும் புதிய வண்டிகள்



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "சார், இவன் வாங்குன மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. ஆனா முன்பக்கத்தைக் கழட்டிட்டு வேற ஏதோ பழைய மாதிரி மாட்டப் போறானாம். நீங்க சொன்னா கேப்பான்," என்றார். நான் வரலாறு போதிப்பவன். பட்டறை அறிந்தவன் அல்லன். இருப்பினும் மறுநாள் அந்த இளைஞன் கையில் ஒரு விலைப்பட்டியலோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவன் காட்டிய படம் என் ஆர்வத்தைத் தூண்டிவிட்டது. ஜப்பானிய நிறுவனமொன்றின் குரூசர் வகை மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையை, அதாவது பட்டறைகளில் 'போர்க்' எனப்படும் பகுதியை, அகற்றிவிட்டு 1940ஆம் ஆண்டுகளின் தோற்றம் கொண்ட 'ஸ்பிரிங்கர்' கவையைப் பொருத்த வேண்டும் என்பதே அவன் விருப்பம்.

"இத மாட்டுனா பழைய மோட்டார் மாதிரியே இருக்கும் சார்," என்றான்.

பழையது எதனால் பழையதாயிற்று என்று அவனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் அன்று முழுமையாகத் தெரியாது. பின்னர்ப் படித்தறிந்தவற்றை ஈண்டுப் பகிர்ந்து கொள்கிறேன்.

மோட்டார் சைக்கிள் என்பது தொடக்கத்தில் எஞ்சின் பூட்டிய மிதிவண்டியே. மில்வாக்கி நகரில் 1903ஆம் ஆண்டு தோன்றிய ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் முதல் வண்டிகளுக்கு மிதிவண்டியினதைப் போன்ற விறைப்பான முன்கவைதான் இருந்தது. அக்காலத்து அமெரிக்கச் சாலைகளில் பெரும்பாலானவை மண்சாலைகள். குழியில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடி ஓட்டுநரின் மணிக்கட்டுக்கு நேராகச் சென்றது. ஆகவே 1907ஆம் ஆண்டு வாக்கில் அந்நிறுவனம் சுருள்வில் பொருத்திய கவைக்கு மாறியது. ஸ்பிரிங்கரின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அதன் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும்; பின்னால் வரும் செய்திகள் யாவும் இதன்மீதே நிற்கின்றன. ஸ்பிரிங்கருக்குப் பக்கத்திற்கு இரண்டாக நான்கு கால்கள் உண்டு. பின்கால்கள் அசையாதவை; வண்டியின் கழுத்தோடு இறுகப் பிணைந்தவை. அவற்றின் அடியில் 'ராக்கர்' என்னும் குட்டையான நெம்புகோல் ஒன்று பக்கத்திற்கொன்றாகக் கீல் போல் ஆடும். சக்கரத்தின் அச்சு அந்த ராக்கரில்தான் அமர்ந்திருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறினால் ராக்கர் மேலே எழும். அது முன்கால்களை மேலே தள்ளும். முன்கால்கள் விளக்கின் அருகே வெளிப்படையாகத் தெரியும் சுருள்விற்களை அழுத்தும். ஒளிவுமறைவு ஏதுமில்லை. எந்தப் பகுதி எதைத் தள்ளுகிறது என்பதை ஒரு சிறுவனும் நின்று பார்த்தே புரிந்து கொள்ளலாம். அதன் கவர்ச்சியின் இரகசியமும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

போட்டி நிறுவனமான 'இந்தியன்' (பெயரைக் கண்டு இந்திய நாட்டு வண்டி என எண்ணிவிட வேண்டாம், அது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தது) வேறு வழியில் சென்றது. மாட்டு வண்டியிலும் பழைய கார்களிலும் காணும் பட்டைவில் அடுக்கை முன்சக்கரத்தின் மேல் அமைத்தது. பிரித்தானியர்கள் 'கர்டர்' எனப்படும் சட்டகக் கவையை விரும்பினர். ஹார்லியோ 1936இல் வந்த புகழ்பெற்ற 'நக்கிள்ஹெட்' எஞ்சின் வண்டியிலும், இரண்டாம் உலகப் போரில் படைகளுக்காகப் பெருந்தொகையாகச் செய்த டபிள்யூ.எல்.ஏ. வண்டியிலும் ஸ்பிரிங்கரையே வைத்துக் கொண்டது.

ஆனால், அதற்குள் உலகம் நகர்ந்துவிட்டது. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் வழுக்கி இறங்கும் 'டெலஸ்கோப்பிக்' கவையை இங்கிலாந்தின் ஸ்காட் நிறுவனம் 1908இலேயே செய்திருந்தது. எனினும் அதில் அதிர்வை அடக்கும் எண்ணெய் ஏற்பாடு இல்லை. எண்ணெயால் அதிர்வடக்கும் டெலஸ்கோப்பிக் கவையை விற்பனை வண்டியில் முதலில் கொண்டு வந்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், ஆண்டு 1935. போரின் நடுவே 1941இல் பிரித்தானியரின் மேட்ச்லெஸ் ஜி3எல் இராணுவ வண்டியும் அவ்வகைக் கவையைப் பெற்றது. ஹார்லி 1949இல்தான் தன் பெரிய வண்டிகளுக்கு அதைப் பொருத்தி, 'ஹைட்ரா-கிளைடு' என்று பெயர் சூட்டியது. அதற்கு முந்திய 1948இல் புதிய 'பேன்ஹெட்' எஞ்சினும் பழைய ஸ்பிரிங்கரும் ஒரே வண்டியில் ஓர் ஆண்டு மட்டும் கூடியிருந்தன. அந்த ஓராண்டு வண்டியைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தனி மதிப்போடு தேடுகிறார்கள்.

ஸ்பிரிங்கர் ஏன் தோற்றது? சக்கரம் மேலெழுந்து இறங்கும் தொலைவு அதில் குறைவு. உராயும் மூட்டுகள் பல. மசகு இடத் தவறினால் அவை தேய்ந்து, சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அடக்கி இல்லாத சுருள்வில், ஒரு குழியில் விழுந்தால் பல முறை துள்ளும். டெலஸ்கோப்பிக் கவை இவை எல்லாவற்றையும் குழாய்க்குள் மறைத்து, எண்ணெயில் மூழ்கடித்து, அமைதியாக வேலை செய்தது. வேலைத் திறத்தால் வென்றது. பார்வைக்கு மட்டும் அதில் ஒன்றுமில்லை.

போருக்குப் பின் நிகழ்ந்ததுதான் சுவையானது. படையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் விலை மலிவான உபரி வண்டிகளை வாங்கினர். தேவையற்றது என்று கருதியதை எல்லாம் வெட்டி எறிந்தனர். முன்சக்கர மட்கார்டும் போயிற்று. 'பாபர்' என்னும் பாணி இப்படித் தோன்றியது. 1960ஆம் ஆண்டுகளில் இது 'சாப்பர்' ஆக நீண்டது. நீண்டது என்பதை நேர்ப்பொருளிலேயே கொள்க. பழைய பொருள் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த ஸ்பிரிங்கர்களை எடுத்து, அவற்றின் கால்களை வெட்டி, இடையில் பழைய ஃபோர்டு கார்களின் முன் அச்சைத் தாங்கிய கம்பிகளைப் பற்றவைத்து நீட்டினார்கள். தொழிற்சாலை கைவிட்டதைச் சாதாரணத் தொழிலாளிகளின் கொட்டகைகள் தத்தெடுத்தன.

1969இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' திரைப்படம் இந்தப் பாணியை உலகெங்கும் கொண்டு சென்றது. அப்படத்தின் 'கேப்டன் அமெரிக்கா' வண்டியில் இருந்தது ஸ்பிரிங்கர் அன்று, நீட்டப்பட்ட டெலஸ்கோப்பிக் கவை என்பதை இரசிகர்கள் பலர் அறியார். அதைவிட அறியப்படாத செய்தி ஒன்று உண்டு. அவ்வண்டிகளை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்னும் இரு கறுப்பின அமெரிக்கர்கள். வாஸ், மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவில் சம உரிமைக்காக உழைத்தவர். படத்தின் பெயர்ப்பட்டியலில் இவ்விருவர் பெயரும் இடம்பெறவில்லை. வெள்ளையர்களின் அடையாளம் என்று பல்லாண்டுகள் கருதப்பட்ட ஒரு பொருளின் பிறப்பிடம் இது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'மூலங்களை ஆராய்தல்' என்று நாம் போதிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இனித் தொழிற்சாலையின் பக்கம் வருவோம். 1969இல் ஏ.எம்.எஃப். என்னும் பெருநிறுவனத்தின் கைக்குச் சென்ற ஹார்லி, தரத்தில் சரிந்து, 1981இல் அதன் நிருவாகிகள் 13 பேரால் திரும்ப வாங்கப்பட்டது. ஜப்பானிய வண்டிகளோடு வேகத்திலோ விலையிலோ மோத வழியில்லை. அவர்களிடம் இருந்து ஜப்பானியரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: கடந்த காலம். 1984இல், பின்சக்கரத்து அதிர்வடக்கிகளை அடியில் மறைத்துப் பழைய விறைப்பான சட்டகம் போலத் தோன்றச் செய்யும் 'சாஃப்டெய்ல்' வந்தது. அதன் மூலக் கருத்து பில் டேவிஸ் என்னும் வெளிப் பொறியாளருடையது. 1986இல் டெலஸ்கோப்பிக் கவையின்மேல் தகர உறை போர்த்தி, 1949ஆம் ஆண்டின் ஹைட்ரா-கிளைடு தோற்றத்தை ஏற்படுத்திய 'ஹெரிட்டேஜ்' வந்தது. பின்னர் நிறுவனத்தின் 85ஆம் ஆண்டான 1988இல், நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் ஸ்பிரிங்கரே திரும்பி வந்தது.

திரும்பி வந்தது பழைய ஸ்பிரிங்கர்தானா என்றால், இல்லை. கணினியின் துணையோடு வடிவம் மீண்டும் கணக்கிடப்பட்டது. தேய்ந்துபோகும் மூட்டுகளில் டெஃப்லான் பயன்படுத்திய தாங்கிகள் இடம்பெற்றன. சுருள்விற்களோடு எண்ணெய் அதிர்வடக்கி சேர்ந்தது. டிரம் பிரேக்கிற்குப் பதில் டிஸ்க் பிரேக் வந்தது. முகம் பாட்டனுடையது, எலும்பு பேரனுடையது. 1997இல் 1948ஆம் ஆண்டு வண்டியை நினைவூட்டும் 'ஹெரிட்டேஜ் ஸ்பிரிங்கர்' வந்தது. இறுதியாக 'கிராஸ் போன்ஸ்' என்னும் வண்டியோடு 2011இல் தொழிற்சாலை ஸ்பிரிங்கரின் காலம் முடிவுற்றது. அதன்பின் அதை விரும்புவோர் தனியார் பட்டறைகளையே நாட வேண்டியதாயிற்று.

என் மாணவனின் விலைப்பட்டியலும் அப்படிப்பட்ட ஒரு பட்டறையினுடையதே. அதில் பளபளக்கும் படங்கள் இருந்தன, விலை இருந்தது, 'எளிதில் பொருத்தலாம்' என்ற உறுதிமொழியும் இருந்தது. ஓர் அளவு மட்டும் இல்லை. அந்த ஓர் அளவின் பொருட்டே அன்று மாலை முழுவதும் தாளும் பென்சிலுமாக அமர்ந்தோம்.

பேரங்காடித் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அது சுழலும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகிறது. அதனால்தான் நாம் தள்ளும் திசையில் தானாக நேர்ப்படுகிறது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமும் அவ்வாறே. கைப்பிடி திரும்பும் அச்சைக் கற்பனைக் கோடாகத் தரைவரை நீட்டினால், அக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை 'டிரெயில்' என்பர். குரூசர் வண்டிகளில் அது ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிமீட்டர்வரை இருப்பது வழக்கம். மிகக் குறைந்தால் வேகத்தில் கைப்பிடி நடுங்கும். மிகக் கூடினால் மெதுவாகத் திரும்பும்போது சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கும்.

கணக்கிற்காக ஓர் எடுத்துக்காட்டு வண்டியை வைத்துக் கொண்டோம். சக்கரத்தின் ஆரம் 320 மில்லிமீட்டர், கழுத்தின் சாய்வு 32 பாகை, அச்சு கழுத்துக் கோட்டிலிருந்து முன்தள்ளி நிற்கும் அளவு 60 மில்லிமீட்டர். இடைநிலைப் பள்ளித் திரிகோண கணிதமே போதும். டிரெயில் 129 மில்லிமீட்டர் வந்தது. ஸ்பிரிங்கரில் ராக்கரின் நீளமும் சேர்வதால் அந்த முன்தள்ளல் கூடிவிட வாய்ப்புண்டு. அது 100 ஆனால் டிரெயில் 82ஆகக் குறைகிறது. புதிய கவை பழையதைவிட நீளமாக இருந்து வண்டியின் முன்புறத்தை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால், கழுத்துச் சாய்வு ஏறத்தாழ ஒன்றே முக்கால் பாகை கூடும். டிரெயில் 94க்குத் திரும்பும். சாப்பர் பாணியில் கழுத்தை 45 பாகைக்குச் சாய்த்து, முன்தள்ளலைப் பழைய 60இலேயே வைத்தாலோ 235! ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறுகிறது. 'எளிதில் பொருத்தலாம்' என்ற சொல் இக்கணக்கில் எதையும் மாற்றுவதில்லை.

அவன் மௌனமாக எண்களைப் பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு அவனே கேள்விகளை அடுக்கினான். கழுத்துத் தண்டின் தடிமன் தன் வண்டிக்குப் பொருந்துமா? டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும் பகுதி எதன்மேல் நிற்கும்? நல்ல கேள்வி. பிரேக் பிடிக்கும்போது அதன் முறுக்கு விசை முழுவதையும் ஒரு தாங்குகம்பி அசையாத காலுக்குக் கடத்த வேண்டும். அக்கம்பியின் இடம் பிழைத்தால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ராக்கர் தன் விருப்பப்படி ஆடும். நம் நாட்டில் இத்தகைய மாற்றத்திற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் வேண்டும் என்பதை நான் நினைவூட்டினேன். அதை அவன் அவ்வளவாக விரும்பவில்லை.

"அப்ப தகர மூடி போட்டு ஹைட்ரா-கிளைடு மாதிரி பண்ணிடலாமா சார்?" என்றான் சற்று நேரம் கழித்து.

செய்யலாம். டிரெயில் ஓர் இம்மியும் மாறாது. தாயாரும் நிம்மதியாக உறங்குவார். ஆனால், உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் தகர உறைமீது பெரிய மரியாதை இல்லை. ஸ்பிரிங்கரின் அழகு அதன் வேலை வெளியே தெரிவதில் இருக்கிறது. உறை, வேலை செய்வதை மறைத்துப் பழமையை நடிக்கிறது. இதை அவனிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அவன் தாயார் என்னை நம்பி அனுப்பியது இதற்காக அன்று. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அவன் சிரித்தான். கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, அச்சின் முன்தள்ளல் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டான். அப்படி ஓர் அளவை இதுவரை எவரும் கேட்டதில்லை என்று பதில் வந்தது. அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டான்.

"கழுத்தை நானே அளந்துட்டு அடுத்த வாரம் வரேன் சார். அதுவரைக்கும் காசு கட்டல."

அடுத்த வாரம் வந்தான், பழைய முன்கவையோடுதான். கையில் அளவுகள் நிரம்பிய ஒரு பள்ளிப் பயிற்றேடு இருந்தது.