நிறத்தை நம்பிய காலம்

பவளப்பாம்புக்கு அழகே அடையாளம் என்பது பழைய நம்பிக்கை. தென்னிந்தியாவில் அதை அடையாளம் கண்ட வரலாறோ, நிறம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதன் வரலாறாகவே இருக்கிறது. 1796இல் பாட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளை வண்ணப்படங்களோடு நூலாக்கினார். 1802இல் ஜார்ஜ் ஷா, கருந்தலையும் வாலில் கருவளையங்களும் கொண்ட மெல்லிய பவளப்பாம்புக்கு அறிவியல் பெயரிட்டார். அதுவரை நிறமே போதுமானதாகத் தோன்றியது. சிக்கல் மேற்குத் தொடர்ச்சி மலையில் எழுந்தது. அங்குள்ள வரிப் பவளப்பாம்புக்கு 1862இல் விலங்கியலாளர் குந்தர் பெயர் வைத்தார். 1871இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், ஐந்து கோடுகள் கொண்ட ஒன்றைத் தனி இனமென அறிவித்தார். பின்வந்தவர்கள் இரண்டும் ஒரே இனமே என்று முடிவு செய்தார்கள். உடல்நிறமும் கோடுகளும் பாம்புக்குப் பாம்பு மாறினாலும் இனம் மாறவில்லை.

அப்படியானால் எதை நம்புவது? செதிலை. இந்தியப் பவளப்பாம்புகளுக்கு நடு உடலில் 13 செதில் வரிசைகள். மெல்லிய பவளப்பாம்பு என்று பலர் எண்ணிவிடும், கருந்தலை கொண்ட விஷமற்ற பாம்பு ஒன்றுக்கு 17 வரிசைகள். மேலுதட்டின் மூன்றாம் செதில் கண்ணையும் மூக்குச் செதிலையும் ஒருசேரத் தொட்டால் அது நாகமோ பவளப்பாம்போதான் என்று பாம்பியல் ஆய்வாளர் ஃப்ராங்க் வால் கற்பித்தார்.

செதில் எண்ணுவது செத்த பாம்பிடம்தான் நடக்கும், உயிருள்ளதற்கு நிறம்தானே வழி என்று கேட்கலாம். சிவப்பு வளையமும் மஞ்சள் வளையமும் ஒட்டினால் ஆபத்து என்ற அமெரிக்கச் சொலவடையையும் காட்டலாம். ஆனால் அது வட அமெரிக்காவுக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். தென் அமெரிக்கப் பவளப்பாம்புகள் பலவற்றில் சிவப்பை ஒட்டிக் கருப்பே வரும். நம் மலைகளின் வரிப் பவளப்பாம்புக்கோ வளையமே கிடையாது. நிறத்தை நம்பிக் கடிபட்டால் மருந்தை நம்பவும் முடியாது: நம் நாட்டு விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது. பவளப்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நிறத்தைப் பார்த்துத் துணிந்து கையில் எடுக்காதீர்கள். இனம் எதுவென்று தெரியாத பாம்பிடமிருந்து விலகி நில்லுங்கள்.