கார்லைல் அணியின் 1912

இது காலால் உதைக்கும் ஃபுட்பால் பற்றிய பதிவு இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். அந்த விளையாட்டுக்கு நான் பெரிய ரசிகன் அல்ல. ஆனாலும் 1912-இல் கார்லைல் அணி ஆடிய சீசனைப் பற்றி எது கிடைத்தாலும் வாசித்துவிடுவேன்.

பென்சில்வேனியாவில் 1879-இல் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய உறைவிடப் பள்ளி கார்லைல். அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, வெகு தூரத்திலிருந்து அங்கே கொண்டுவந்தார்கள். வந்ததும் தலைமுடியை வெட்டினார்கள். ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பூர்வகுடி அடையாளமே இல்லாமல் பிள்ளைகளை வளர்ப்பதுதான் பள்ளியின் நோக்கம்.

பெயருக்கு அது தொழிற்பள்ளி. ஆனால் மைதானத்தில் பெரிய கல்லூரிகளோடு மோதியது. 1911-இல் ஹார்வர்டையே 18-15 என்று தோற்கடித்தது. அடுத்த ஆண்டு, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப் அணிக்குத் திரும்பினார். சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தைச் சேர்ந்தவர்.

அந்த ஆண்டு விதிகளும் மாறின. பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்புகள் போய் நான்கு வந்தன. டச்டவுனுக்கு 5 புள்ளிக்குப் பதில் 6. பந்தை முன்னோக்கி எறிய 1906-இலேயே அனுமதி கிடைத்திருந்தது. எடையைவிட வேகத்தையும் தந்திரத்தையும் நம்பிய அணிக்கு இதெல்லாம் வசதியாகப் போயிற்று.

நவம்பர் 9-ஆம் தேதி வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியோடு ஆட்டம். வூண்டட் நீயில் அமெரிக்க ராணுவம் லக்கோட்டா மக்களைக் கொன்று குவித்து அப்போது 22 ஆண்டுகள்கூட ஆகவில்லை. எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் ஐசன்ஹோவர், பிற்காலத்து ஜனாதிபதி. முதல் டச்டவுன் ராணுவ அணிக்கு. பிறகு அவர்களால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. 27-6, கார்லைல் வெற்றி. சீசன் முழுவதும் 12 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா.

பெரும்பாலான கட்டுரைகள் இங்கே முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது.

1913-இல் தோர்ப்பின் பதக்கங்களைப் பறித்தார்கள். முன்பு கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்பது காரணம். அவர் 1953-இல் இறந்துபோனார். ஒரே வெற்றியாளர் என்று அவர் பெயர் முழுமையாகத் திரும்பியது 2022-இல்தான்.

அணியின் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், ஓஜிப்வே இனத்தவர். பள்ளி நிர்வாகத்தை விசாரிக்கக் கோரி, சக மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார். 1914-இல் காங்கிரஸ் குழு விசாரணைக்கு வந்தது. மாணவர்கள் பட்ட அடி, கோச் பாப் வார்னர் ஆட்டக்காரர்களை நடத்திய விதம், டிக்கெட் பணம் போன வழி எல்லாம் வெளியே வந்தன. தலைமை நிர்வாகியின் பதவி போனது. வார்னரும் வேறு கல்லூரிக்குப் போனார். 1918-இல் பள்ளியே மூடப்பட்டது.

அங்கே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. சிலரின் எச்சங்களை அண்மைக் காலத்தில்தான் உறவினர்கள் ஊருக்கு எடுத்துச்சென்றார்கள்.

வீட்டில் தமிழ் பேச நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள். உங்கள் வகுப்பில் கார்லைல் பற்றிப் பேச்சு வந்தால், 27-6 என்ற ஸ்கோரோடு வெல்ச்சின் மனுவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.